சரபோஜி மன்னருக்கும் எட்டாத திரை: தெரியுமா?

தஞ்சாவூர் என்றதும் பெரிய கோயில், வீணை, தலையாட்டி பொம்மை. டெல்டா என்றதும் குறுவை, சம்பா, தாளடி. அவ்வளவுதானா? இந்த ஊர் அரண்மனையில் தொடங்கும் ஒரு கதை பாஸ்டன், ஸ்டாக்ஹோம், பாரிஸ் என்று ஊர் சுற்றிவிட்டு மறுபடி நம் வயல் தண்ணீருக்கே வந்து சேர்கிறது! அது விழித்திரையின் கதை. அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வந்து, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையை அரிக்கும் பரம்பரை நோய்களின் கதை. அந்த நோய்களை மடக்க, லாபம் பார்க்காத அறக்கட்டளைகள் எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று போடும் கணக்குகளின் கதையும்கூட. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஓடலாம்!

அரண்மனையில் கண் நோயாளிகளுக்கு கேஸ் ஷீட் எழுதினார்கள், தெரியுமா?

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (1777–1832) சுவடி சேர்த்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். கண் நோயாளிகளின் விவரங்களைப் பதிந்துவைத்தவர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அவருடைய தன்வந்திரி மகாலில் நாட்டு வைத்தியமும் ஆங்கில மருத்துவமும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. கண் கோளாறோடு வந்தவர் யார், என்ன சிகிச்சை நடந்தது, பிறகு பார்வை எப்படி இருந்தது என்று 40-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய குறிப்புகள் எழுதப்பட்டன. கூடவே நோய் பிடித்த கண்களின் வண்ண ஓவியங்கள்! புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-ல்தான். மன்னர் காலமாகி 7 வருடம் கழித்து. இந்தத் தாள்களை நம் காலத்தில் எடுத்து ஆராய்ந்தவர்களில் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவரும் உண்டு. சரபேந்திர வைத்திய முறைகள் நூல் வரிசையில் கண் நோய்க்கென்று ‘நயனரோக சிகிச்சை’ என்ற தனிப் புத்தகமே இருக்கிறது!

ஆனால் அந்த ஓவியர்கள் விழித்திரையை வரையவே முடியாது, தெரியுமா?

ஏன்? பார்க்கக் கருவி இல்லை! கண்புரை கண்ணின் முன்பக்கத்து விவகாரம், வெள்ளையாகத் தெரிந்துவிடும். விழித்திரையோ உள்ளே, பின்சுவரில். கண்மணி வழியாக எட்டிப் பார்த்தால் கறுப்புதான் தெரியும். சென்னையில் கண் ஆஸ்பத்திரி 1819-லேயே வந்துவிட்டது. இன்று எழும்பூரில் இருக்கும் அது உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. அங்கேயும் இதே கதைதான். ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-ல் விழித்திரையைப் பார்க்கும் கருவியை அறிவித்த பிறகுதான் அந்தத் திரை மருத்துவர்களுக்குத் திறந்தது. சரபோஜி கண்மூடி 19 வருடம் ஆகியிருந்தது. கருவி வந்த வேகத்தில் ஐரோப்பிய மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள்: சிலருடைய விழித்திரை ஓரங்களில் எலும்புத் துணுக்கு வடிவில் கறுப்புத் திட்டுகள்! இன்று கண் டாக்டர்கள் சுருக்கமாக ‘ஆர்.பி.’ என்று சொல்லும் ரெட்டினிட்டிஸ் பிக்மென்டோசா அதுதான். பரம்பரை விழித்திரை நோய்களில் அதிகம் காணப்படுவதும் அதுவே.

ஒரே ஓர் ஒளித்துகளுக்குக்கூட நம் கண்ணின் ஒரு செல் அசையும், தெரியுமா?

ஒரு கண்ணில் குச்சி செல்கள் சுமார் 12 கோடி. கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். குச்சிகளுக்கு இருட்டு டியூட்டி. கூம்புகளுக்கு வெளிச்சமும் வண்ணமும். 1942-ல் அமெரிக்காவில் ஹெக்ட், ஷ்லேர், பிரென் என்ற மூவர் செய்த சோதனை உலகை வாய்பிளக்க வைத்தது: ஒரு குச்சி செல்லைத் தூண்ட ஒரே ஒரு ஒளித்துகள் போதும்! இதற்குமேல் நுணுக்கமாக ஒளியை உணர இயற்பியலே இடம் தராது.

ஆர்.பி. நோய் முதலில் கைவைப்பது இந்தக் குச்சிகளில்தான். அதனால்தான் நோய் தன்னை முதலில் காட்டிக்கொள்வது பொழுது சாய்ந்த பிறகு. பகலில் நாற்றங்காலுக்கும் வயலுக்கும் ஓடியாடும் பையன், விளக்கு வைத்தபின் வரப்பில் இடறுகிறான். ராத்திரி முறைத் தண்ணீருக்கு மடை திறக்கப் போனவர் வாய்க்காலில் கால் விடுகிறார். பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்குகிறது. நேர் எதிரே இருப்பது தெளிவாகத் தெரியும். பக்கத்தில் வரும் சைக்கிள் தெரியாது. “நல்லாத்தானே பேப்பர் படிக்கிற, மாடு வந்தது மட்டும் தெரியலையா?” என்று வீட்டில் திட்டு விழுவது இந்தக் கட்டத்தில்தான்!

கண்ணுக்குள் தினமும் துப்புரவு நடக்கிறது, தெரியுமா?

குச்சி செல்லின் நுனியில் ஒளியை வாங்கும் மெல்லிய தட்டுகள் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு நாளும் அந்த அடுக்கில் சுமார் பத்தில் ஒரு பங்கு உதிர்கிறது. அடியிலிருந்து புதியது முளைக்கிறது. பத்து நாளில் அடுக்கே புதுசு! உதிர்ந்ததை எல்லாம் பின்னாலிருக்கும் நிறமிப் படலம் விழுங்கிச் செரிக்கிறது. ஒளி பட்டுக் களைத்துப்போன வைட்டமின் ஏ மூலக்கூறைப் பழுது பார்த்துத் திருப்பி அனுப்புவதும் அதே படலத்தின் வேலை. இந்தப் பணிகளுக்கு எத்தனை புரதங்கள் வேண்டும், யோசியுங்கள்! ஒவ்வொன்றுக்கும் ஒரு மரபணு. எது கெட்டாலும் விழித்திரை மெல்லச் சாகும். பரம்பரை விழித்திரை நோய்க்குக் காரணமாக இதுவரை 280-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. வெளியே பார்த்தால் ஒரே மாலைக்கண். உள்ளே இத்தனை வெவ்வேறு நோய்கள்!

முருங்கைக்கீரைக்கு அடங்காத மாலைக்கண் உண்டு, தெரியுமா?

மாலைக்கண் என்றால் பாட்டி உடனே முருங்கைக்கீரையைப் பறிக்கச் சொல்வார். சத்துக் குறைவால் வந்த மாலைக்கண்ணுக்கு அது சரியான வைத்தியம்தான். விழித்திரைக்குள் வைட்டமின் ஏ இருப்பதை 1933-ல் கண்டுபிடித்த ஜார்ஜ் வால்ட், 1967-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் பரம்பரை நோயில் வைட்டமின் பஞ்சம் கிடையாது; அதைக் கையாளும் புரதமோ, செல்லின் வேறொரு உறுப்போதான் கோளாறு. கீரை உடம்புக்கு நல்லது. அந்தக் கோளாறைத் திருத்தாது. இன்னொரு சேதி: ஏபிசிஏ4 என்ற மரபணு பழுதானவர்களுக்கு வைட்டமின் ஏ மாத்திரையை அதிக அளவில் கொடுத்தால் நன்மைக்குப் பதில் கெடுதல் நேரலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். எந்த மரபணு என்று தெரியாமல் மாத்திரை வாங்கக் கூடாது!

372 பேரில் ஒருவர்... தெரியுமா?

உலகப் புத்தகங்களில் ஆர்.பி. கணக்கு சுமார் 4,000 பேருக்கு ஒருவர். அபூர்வ நோய் என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் தென்னிந்தியாவில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சோதித்து 2008-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: நகரத்தில் 930 பேருக்கு ஒருவர். கிராமத்தில் 372 பேருக்கு ஒருவர்! உலகக் கணக்கைப்போல் பத்து மடங்கு! அந்த ஆய்வு சென்னையிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் நடந்தது; தஞ்சையில் நடந்ததில்லை. ஆனாலும் அபூர்வம் என்ற பேச்சு தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் பொருந்தாது என்பதை அடித்துச் சொல்லிவிட்டது.

மரபணு எண்ணிக்கையில் நெல் நம்மை ஜெயித்துவிட்டது, தெரியுமா?

இந்த நோய் தலைமுறை தாண்டுவது எப்படி என்று புரிய, வயலுக்கு ஒரு நடை போவோம். நெல்லின் மரபணு வரைபடம் 2005-ல் முழுமையாக வெளியானபோது எண்ணிப் பார்த்தார்கள்: சுமார் 37,000 மரபணுக்கள்! மனிதனுக்குச் சுமார் 20,000தான். சோற்றுப் பருக்கையிடம் தோற்றுப்போனோம்!

மரபியல் டெல்டாவுக்கு அந்நியமான சமாச்சாரமும் இல்லை. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. 1921-ல் கோயம்புத்தூரிலிருந்து வந்த புகழ்பெற்ற ஜி.இ.பி.24 ரகம், கோணமணி நெல்லில் தானாக நேர்ந்த ஒரு மரபணு மாற்றத்தைப் பொறுக்கியெடுத்து உருவாக்கியது. மரபணு மாறினாலே கேடு என்று யார் சொன்னது? கும்பகோணத்தில் 1925-ல் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் உலகறிந்த பயிர் மரபியலாளர். 1987-ல் முதல் உலக உணவுப் பரிசை வாங்கியவர், அந்தப் பணத்தைக் கொண்டு மறுவருடமே சென்னையில் லாப நோக்கமற்ற ஆராய்ச்சி அறக்கட்டளை தொடங்கினார்!

நெல் தன் மகரந்தத்தைத் தானே ஏற்கும் பயிர். அதனால் தலைமுறை போகப் போகக் கதிரெல்லாம் ஒரே சீராகிறது. ஒளிந்திருந்த குணம், நல்லதோ கெட்டதோ, வெளியே வந்துவிடுகிறது. விதைநெல் எடுப்பவருக்கு அது வசதி. சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்துக் கொடுக்கும் குடும்பத்திலும் ஓரளவு அதேதான் நடக்கிறது. அக்கா மகளைக் கட்டினால் பிறக்கும் பிள்ளைக்கு எட்டில் ஒரு பங்கு மரபணுக்கள் இருபக்கமும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே நகலாக அமைய வாய்ப்பு. அத்தை மகள், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒரு பங்கு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 சதவீதத் திருமணங்கள் சொந்தத்தில் நடந்தவை. நாட்டிலேயே இங்கேதான் அதிகம். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்குப் பார்வை மங்கியிருந்தால், அடுத்த சம்பந்தம் பேசும் முன் மரபணு ஆலோசகரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

“அவ வீட்டுச் சீக்கு” என்று மருமகளைச் சொல்ல முடியாது, தெரியுமா?

பரம்பரை நோய் வெளிப்பட்டால் பழி முதலில் எங்கே விழும்? மருமகள் தலையில்! விஞ்ஞானம் இதை ஒத்துக்கொள்வதில்லை. சொந்தத்துத் திருமணங்களில் அதிகம் வெளிப்படும் ஒடுங்கு வகையில், பழுதான நகல் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்தால்தான் நோய். பெற்றோர் இருவருக்கும் பார்வை முழுசாக இருக்கும். இருவரும் ஒவ்வொரு பழுதை அறியாமல் சுமப்பார்கள். அப்படிப்பட்ட ஜோடிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. வேறு வகைகளும் உண்டு: பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வருவது, அம்மா சுமந்து மகனுக்கு வெளிப்படுவது. எந்த வகை என்று ரத்தப் பரிசோதனை சொல்லும், ஊர்வாய் சொல்லாது!

ஓர் எழுத்து மாறினால் உலகம் இருண்டுவிடும், தெரியுமா?

மனித மரபணுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். குச்சி செல்லில் ஒளியைப் பிடிக்கும் ரோடாப்சின் புரதம் 348 அமினோ அமிலங்களால் ஆனது. ஆர்.பி. நோய்க்கு இந்தப் புரதத்தின் மரபணுவும் காரணம் என்று 1990-ல் அமெரிக்காவின் டிரைஜா குழு முதலில் காட்டியது. 1994-ல் ‘நேச்சர் ஜெனெடிக்ஸ்’ இதழில் இன்னொரு வெடி! சொந்தத்தில் திருமணம் நடந்த ஓர் இந்தியக் குடும்பத்தில், 150-ஆவது இடத்தில் வரவேண்டிய அமினோ அமிலம் மாறியிருந்தது. காரணம் ஒரே ஓர் எழுத்துப் பிழை! கட்டுரையின் முதல் ஆசிரியர் ஜி. குமாரமாணிக்கவேல், சங்கர நேத்ராலயாவின் மரபியல் துறைக்குத் தலைமை வகித்தவர். ஜெர்மன் ஆய்வாளர்களும் அதில் பங்காளிகள். பிறகு இந்தியக் குடும்பங்களை வைத்தே 16-ஆவது குரோமோசோமில் ஆர்.பி.22 என்ற புதிய இடமும் அடையாளம் காணப்பட்டது. நம் குடும்பங்கள் கொடுத்த ரத்தத் துளிகள் உலகப் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டன!

இந்தியக் குடும்பத்தில் கிடைத்த துப்பு ஸ்வீடனில் மருந்துச் சோதனை ஆனது, தெரியுமா?

இதுதான் எல்லாவற்றுக்கும் மேல்! 1997-ல் இன்னொரு இந்தியக் குடும்பம். இங்கேயும் சொந்தத்தில் திருமணம். அவர்களிடம் ஆர்எல்பிபி1 என்ற மரபணுவில் பிழை இருப்பது தெரிந்தது. வைட்டமின் ஏ மூலக்கூறைக் கையில் வாங்கி அடுத்த கட்டத்துக்குச் சேர்க்கும் புரதத்தின் மரபணு அது. இரண்டே வருடத்தில், 1999-ல், வட ஸ்வீடனில் பல குடும்பங்களைப் பிடித்திருந்த மாலைக்கண் நோய்க்கும் அதே மரபணுதான் காரணம் என்று தெரியவந்தது! அங்கே பனி, இங்கே வெயில். பழுது ஒரே மரபணுவில். இந்த நோயாளிகளுக்கு வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் வந்தால் கண் பழக மணிக்கணக்கில் ஆகும். ஸ்டாக்ஹோமில் 12 பேருக்கு அந்த மரபணுவின் நல்ல நகலை விழித்திரையில் செலுத்திப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு இருட்டுக்குக் கண் பழகும் வேகம் கூடியது. முடிவு 2024-ல் வெளியானது. ஊரும் பேரும் தெரியாத ஓர் இந்தியக் குடும்பத்துக்கு ஸ்வீடன் நன்றிக்கடன் பட்டிருக்கிறது!

விழித்திரை மருத்துவத்தின் தந்தை ஒரு ‘கடத்தல்காரர்’, தெரியுமா?

சார்லஸ் ஷெப்பென்ஸ் பெல்ஜியத்துக் கண் மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளிடமிருந்து தப்பி, பொய்ப்பெயரில் பிரான்ஸின் மலைக் கிராமம் ஒன்றில் மரவியாபாரியாக உட்கார்ந்துகொண்டார். மரம் இறக்கும் கம்பித்தடம் வெளியே தெரிந்த வியாபாரம். நூற்றுக்கும் மேற்பட்டவர்களை எல்லை தாண்டி ஸ்பெயினுக்கு அனுப்பியது உள்ளே நடந்த வேலை! இரு கண்ணாலும் விழித்திரையை ஆழம் தெரியப் பார்க்கும் கருவியை உருவாக்கியவரும் அவர்தான். போர் முடிந்து அமெரிக்கா போனார். 1950-ல் பாஸ்டனில் விழித்திரைக்கென்றே லாப நோக்கமற்ற ஆராய்ச்சி அமைப்பையும் தொடங்கினார். அவரிடம் பயின்ற தமிழர் யார் தெரியுமா? டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத்! ஊர் திரும்பி 1978-ல் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். அதுவும் லாப நோக்கமற்றதே.

பார்வை இழந்தவர் போட்ட திட்டம் உலகை மாற்றியது, தெரியுமா?

கார்டன் கண்ட் அமெரிக்கப் பணக்காரர். ஆர்.பி. நோயால் முப்பது வயதையொட்டிப் பார்வை போனது. சிகிச்சை தேடிச் சோவியத் நாட்டின் ஒடெஸா வரை போய் வெறுங்கையோடு திரும்பினார். 1971-ல் அவரும் மனைவி லூலியும், பெர்மன் என்ற தம்பதியும் சேர்ந்து தொடங்கிய அமைப்புதான் இன்று ‘பவுண்டேஷன் ஃபைட்டிங் பிளைன்ட்னஸ்’. அப்போது இந்த நோய்க்கென்று ஆராய்ச்சிக்கூடமே அபூர்வம். 1974-ல் ஹார்வர்டில் ஒன்றுக்குப் பணம் கொடுத்தார்கள்.

இப்படிப்பட்ட அமைப்பில் ஆராய்ச்சிக்குத் தலைமை வகிப்பவருக்கு நுண்ணோக்கியில் கண் வைப்பதைவிட, எதற்குப் பணம் தருவது, எதை மறுப்பது என்று முடிவெடுப்பதே பெரிய வேலை. 280-க்கும் மேல் மரபணுக்கள். கையில் அளவான பணம். அவர்கள் கண்ட வழி என்ன? கம்பெனிகள் தொடத் தயங்கும் முதல் கட்டத்துக்குப் பணம். நோயாளிகளின் மரபணுப் பதிவேடு. மருந்தே கொடுக்காமல் நோய் எந்த வேகத்தில் போகிறது என்று வருடக்கணக்கில் அளக்கும் ஆய்வு; அந்த அளவு இல்லாவிட்டால் மருந்து வேலை செய்ததா என்று யாராலும் சொல்ல முடியாதே! எந்த மரபணு பழுதானாலும் உதவக்கூடிய பொதுச் சிகிச்சைக்குத் தனி ஒதுக்கீடு. அவசரப்படாமல் பணத்தைப் போடும் பொறுமை அறக்கட்டளைக்கு மட்டுமே கட்டுப்படியாகும்.

30 வருடம் கழித்துத் தீர்ப்பு மாறியது, தெரியுமா?

அதே ஹார்வர்டு கூடத்தின் டாக்டர் எலியட் பெர்சன் குழு, வைட்டமின் ஏ மாத்திரை ஆர்.பி. நோயின் வேகத்தைக் குறைக்கிறது என்று 1993-ல் அறிவித்தது. உலகமெங்கும் டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். 2023-ல் அந்தப் பழைய ஆய்வில் கலந்துகொண்டவர்களின் மரபணு விவரத்தையும் சேர்த்துக் கணக்கை மறுபடி போட்டார்கள். பலன் காணவில்லை! யாருக்கு எந்த மரபணு என்று தெரிந்ததும் அதே எண்கள் வேறு பதில் சொல்லின. பதிவேட்டை எறியாமல் வைத்திருந்தால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சரபோஜியின் தாள்களும் அப்படித்தானே நமக்குக் கிடைத்தன?

குப்பையாக வந்த வைரஸ் தபால்காரன் ஆனது, தெரியுமா?

1965-ல் வேறொரு வைரஸை ஆராய்ந்தபோது நடுவில் புகுந்த கலப்படமாகக் கண்ணில் பட்டது ஒரு குட்டி வைரஸ். பெயர் ஏஏவி. மனிதருக்கு நோய் தருவதாகத் தெரியவில்லை. சரி, இதன் கூட்டுக்குள் நல்ல மரபணுவை வைத்து அனுப்பினால்? பிறவியிலேயே பார்வை குன்றிய பிரையார்டு இன நாய்களின் வம்சத்தில் சோதித்தார்கள். அவற்றிடம் பழுதாகியிருந்த ஆர்பிஇ65 மரபணுவின் நல்ல நகல் விழித்திரைக்குள் போனது, நாய்கள் பார்த்தன! அது 2001. மனிதர்களுக்கான சோதனை 2007-ல் தொடங்கியது. மருந்து வேலை செய்கிறதா என்று எப்படி அளந்தார்கள் தெரியுமா? தரையில் தடைகளைப் பரப்பி, வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்து நடக்கவிட்டார்கள்! மங்கிய வெளிச்சத்தில் வரப்பில் நடப்பவருக்கு இந்தத் தேர்வின் அருமை புரியும்.

2017 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. மருந்தின் பெயர் லக்ஸ்டர்னா. விலை? இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 8,50,000 டாலர். அன்றைய மதிப்பில் 5 கோடி ரூபாய்க்கு மேல்! அதுவும் ஆர்பிஇ65 பழுதானவர்களுக்கு மட்டும். நோயாளிகளில் அவர்கள் சிறு பங்கினர்.

கண்ணுக்குள் வைத்த கருவியைக் கம்பெனி கைவிட்டது, தெரியுமா?

ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரை 2013-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. 60 மின்முனைகள், வெளிச்சமும் நிழல் உருவமும் தட்டுப்படும். உலகில் 350-க்கும் மேற்பட்டவர்கள் பொருத்திக்கொண்டார்கள். வியாபாரம் கட்டுப்படியாகவில்லை என்று கம்பெனி உற்பத்தியை நிறுத்தியது. கருவி கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பழுதானால் பார்க்க ஆளில்லை! லாபக் கணக்கு மட்டும் போட்டால் நோயாளி கதி என்னவாகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வயல் தண்ணீர்ப் பாசியின் உறவு பார்வை தருகிறது, தெரியுமா?

குளம், குட்டை, நடவு வயல் என்று தண்ணீர் நிற்கும் இடமெல்லாம் கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பாசி இனம் வாழும். அதற்குக் கண் கிடையாது. ஆனால் ஒளி பட்டதும் நீந்தித் திசை திரும்பும்! அந்த வேலையைச் செய்யும் புரதத்தை 2002 வாக்கில் ஜெர்மன் விஞ்ஞானிகள் பிரித்தறிந்தார்கள். குச்சியும் கூம்பும் செத்துப்போன விழித்திரையில், மிச்சமிருக்கும் நரம்பு செல்லுக்கு இந்த வகைப் புரதத்தைக் கொடுத்தால்? 2021-ல் பாரிஸ் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்: ஆர்.பி. நோயால் பார்வை இழந்த 58 வயது மனிதர், தனிக் கண்ணாடி ஒன்றை அணிந்து, மேஜைமேல் இருந்த பொருள்களைத் தொட்டு எண்ணினார்! முகம் அடையாளம் தெரியும் அளவு பார்வை அது இல்லை. ஆனால் 280 மரபணுவில் எது பழுதாக இருந்தாலும் இந்த வழி பொருந்த வாய்ப்பு உண்டு. அறக்கட்டளைகள் பொதுச் சிகிச்சைக்குத் தனிப் பணம் ஒதுக்கும் ரகசியம் இப்போது புரிகிறதா?

6/6 பார்வை இருந்தும் சட்டப்படி பார்வையற்றவர் ஆகலாம், தெரியுமா?

கண் கேம்பில் ஒருவர் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படித்துவிடுவார். ஆனால் பக்கப் பார்வை சுருங்கிப் போயிருக்கும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைக் கணக்கில் எடுத்திருக்கிறது: பார்வைப் பரப்பு 10 பாகைக்குக் குறைந்தால் பார்வையின்மை, 10 முதல் 40 பாகைக்குள் என்றால் குறைபார்வை. ஆகவே எழுத்துப் பலகையோடு நிறுத்திவிடாமல் பார்வைப் பரப்பையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சான்றிதழ் இருந்தால் படிப்பு, வேலை, பயணச் சலுகை எல்லாம் கிடைக்க வழி உண்டு.

முதல் மருந்து ஒரு பெயர், தெரியுமா?

இத்தனை அதிசயத்துக்கும் நுழைவுச்சீட்டு ஒன்றே ஒன்று: பழுதான மரபணுவின் பெயர். அது தெரியாவிட்டால் எந்தப் புது மருந்தும் உங்கள் வீட்டுக்காரருக்கா, பக்கத்து வீட்டுக்காரருக்கா, யாருக்கு என்று சொல்ல முடியாது. சென்னையில் சங்கர நேத்ராலயாவின் ஆராய்ச்சி அறக்கட்டளை, மதுரையில் அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, ஹைதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் நிறுவனம் ஆகியவை இந்த மரபியல் ஆய்வைச் செய்துவருகின்றன. மூன்றும் லாப நோக்கமற்றவை!

“5 கோடிக்கு எங்கே போவது?” என்ற கேள்வி வரும். மதுரையைப் பாருங்கள். 1976-ல் டாக்டர் ஜி. வேங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். கண்புரைக்கு வைக்கும் லென்ஸ் அன்று வெளிநாட்டுச் சரக்கு, யானை விலை. 1992-ல் அரவிந்தின் லென்ஸ் தயாரிப்புக்கூடமான ஆரோலேப் வந்தது. இறக்குமதி விலையில் சுமார் பத்தில் ஒரு பங்குக்கு அதே லென்ஸ்! மரபணு மருந்து லென்ஸைவிடப் பல மடங்கு சிக்கலானது. நாளைக்கே விலை இறங்காது. ஆனால் இறங்கும் நாளில் வரிசையில் நிற்க வேண்டியவர்களின் பட்டியல் இப்போதே தயாராக வேண்டாமா?

ஆகவே டெல்டாவில் யாருக்காவது இருட்டினால் தடுமாற்றம், கீரையும் மாத்திரையும் கேட்கவில்லை, தாய்மாமனுக்கோ பெரியப்பாவுக்கோ இதேபோல் இருந்தது என்றால் கண் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். விழித்திரையின் மின்துடிப்பை அளக்கும் இ.ஆர்.ஜி. சோதனை வேண்டுமா? மரபணுப் பரிசோதனை எங்கே செய்யலாம்? முடிவு வந்ததும் எந்தப் பதிவேட்டில் பெயர் சேர்க்கலாம்? போகும்போது ஒரு தாளில் குடும்பப் படம் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்: யார் யாரைக் கட்டினார்கள், யாருக்கு எந்த வயதில் பார்வை மங்கியது. ஆயிரம் ரூபாய் ஸ்கேனைவிட அந்தத் தாள் டாக்டருக்கு அதிகம் சொல்லும். அதை எழுதத் தெரிந்த ஆள் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கிறார். நான்கு தலைமுறை உறவுமுறையையும் மனப்பாடமாகச் சொல்லும் பாட்டிதான்!